மூன்றாம் ரீல் முடிந்ததும் வந்த கேள்வி

ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற அரசாங்கப் படவண்டியில் விளக்கவுரை சொல்கிறவர் என்று ஓர் உத்தியோகம் இருந்தது. இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். படங்களெல்லாம் இப்போது தமிழிலேயே பேசிக்கொண்டு வருகின்றனவாம். மைக் பிடிக்கத் தனியாக ஆள் வேண்டாமாம். அந்தக் காலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், மலரில் போடுகிறோம் என்றார்கள்.

அதில் ஒருவன் கேட்டான். "அமெரிக்கா சரித்திரத்தையா சார் ஊர் ஊராக் கொண்டுபோய்ப் போட்டிய? அத யாரு பாத்தா?"

யார் பார்த்தார்கள் என்றா கேட்கிறான். தென்காசி வட்டாரமே பார்த்தது. கொட்டகையில் டிக்கெட் உண்டு, எங்களிடம் டிக்கெட் கிடையாது. ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்கிற ஜனம்தானே நாம். அதோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போக வேறு இடமும் இல்லை. சொன்னால் புரியாது என்று காப்பியைக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். இன்டர்மீடியட் முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தபோது, ஐம்பதுகளின் நடுவில், இந்த வேலை கிடைத்தது. சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி. புரொஜெக்டரில் படச்சுருளை எப்படிக் கோப்பது, விளக்கு எரிந்துபோனால் கை சுடாமல் எப்படி மாற்றுவது, ஜெனரேட்டரைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஏன் வைக்கக்கூடாது, இவ்வளவுதான் அங்கே சொல்லித் தந்தார்கள். மிச்சம் எல்லாம் தேவசகாயம் சாரிடம் கற்றது.

தேவசகாயம் சார் எங்கள் வண்டிக்குப் பொறுப்பான அதிகாரி. பாளையங்கோட்டைக்காரர். ஒல்லி உடம்பு, கதர்ச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "மிஸ்டர் சங்கரன்" என்பார். அதற்கு அவர் ரெண்டு அறை அறைந்திருக்கலாம் என்று டிரைவர் சுடலைமுத்து சொல்வான்.

ஒரு புதுப் படம் வந்தால் சார் என்னை ஒத்திகை பார்க்கிற விதம் தனி. அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆங்கிலச் சத்தத்தை முழுக்க அடக்கிப் படத்தை ஓடவிடுவார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். நான் நின்று தமிழில் சொல்ல வேண்டும். நான் சொல்வதைக் கேட்டே அவருக்குப் படம் தெரிய வேண்டும். கையில் ஒரு பென்சில் இருக்கும். தேவையில்லாத வார்த்தை ஒன்று வந்துவிட்டால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு. "மாபெரும்" என்றால் தட்டு. "வீரதீர" என்றால் இரண்டு தட்டு. இருட்டில் காகிதம் பார்க்க முடியாது என்பதால் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் இந்தப் பாடு படுவேன், தொண்டை கட்டிப்போகும்.

அமெரிக்கப் படம் நாலு ரீல். முதல் ரீலில் அந்த நாடு பிரிட்டிஷ்காரனிடமிருந்து விடுபட்டு, மாநிலங்கள் கூடி ஒரு சட்டம் எழுதி, முதல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டாவதில், மூன்றாம் ஜனாதிபதி பிரெஞ்சுக்காரனிடம் ஒரு பெரிய ஆற்றுக்கு மேற்கே இருக்கிற நிலத்தையெல்லாம் விலைக்கு வாங்கி, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவர இரண்டு கேப்டன்களை அனுப்புகிறார். அவர்கள் அங்கே ஓடுகிற இன்னோர் ஆற்றோடு மேலே மேலே போய், மலை தாண்டி, மேற்குக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மூன்றாவதில் நாடு வளர்கிறது. நாலாவதில் ஜனங்கள் மாட்டு வண்டிகளில் கூட்டம் கூட்டமாகப் பொட்டல் வெளியில் போய் இறங்கி விவசாயம் செய்கிறார்கள்.

இரண்டாம் ரீலில்தான் சாருக்கும் படத்துக்கும் முதல் தகராறு. "ஆளில்லாத அகன்ற வெளி" என்று ஆங்கிலத்தில் சொல்லுகிறான், நானும் அப்படியே சொன்னேன். பென்சில் தட்டியது. சார் திரும்பித் திரையைப் பார்த்தார். படத்தில் ஆற்றங்கரையில் கூடாரங்கள், குழந்தையை முதுகில் கட்டிய ஒரு பெண், குதிரைகள்.

"அங்க நிக்கிறது யாரு?"

"அந்த ஊர் ஆளுக சார்."

"பின்ன ஆளில்லாத வெளின்னு சொல்லுதிய?"

"படத்துல அப்படித்தான் சார் சொல்லுதான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம் அதுதான். கடைசியில் "'ஆளில்லாத'வ எடுத்திரும். 'அகன்ற வெளி' போதும்" என்றார். படம் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தையும் கூட்டக்கூடாது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறதை இல்லையென்றும் சொல்லக்கூடாது. இது அவர் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. எங்களிடம் ஒரே புரொஜெக்டர்தான். ஒரு ரீல் முடிந்து அடுத்ததைக் கோப்பதற்குள் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்த நேரத்தைச் சார் கேள்வி நேரம் ஆக்கினார். சுடலைமுத்து ரீல் மாற்றுவான், நான் மைக்கில் பதில் சொல்வேன். தெரிந்தால் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும், சமாளிக்கக்கூடாது. வேறெந்த வண்டியிலும் இந்த வழக்கம் கிடையாது.

நம் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது. தென்காசியில் கோயில் வாசல் காற்றில் திரை படபடவென்று அடிக்க, நாலு பேர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்க, முதல் ரீல் முடிந்தது. அந்த முதல் ஜனாதிபதி இரண்டு தடவை பதவியில் இருந்தார், மூன்றாம் தடவை நிற்கச் சொல்லியும் போதும் என்று இறங்கிப் பண்ணைக்குப் போய்விட்டார் என்று சொல்லியிருந்தேன். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"தானாவா எறங்குனாரு?"

"ஆமா அண்ணாச்சி."

"புளுகாதேயும்வே. நாற்காலில உக்காந்தவன் எவன் தானா எறங்குவான்? தோத்துருப்பான், அத மறைக்காங்க."

கூட்டம் முழுக்க அவர் பக்கம். தேர்தல் முடிந்த நேரம் வேறு. நான் எவ்வளவு சொல்லியும் ஒருத்தனும் நம்பவில்லை. இரண்டாம் ரீலுக்கு இன்னும் மோசம். ஜனங்களுக்குப் புரியட்டும் என்று, "இங்கிருந்து மேற்கே மலையேறி அந்தப் பக்கம் கொல்லத்துக் கடலைப் பார்த்தமாதிரி" என்று சொல்லிவைத்தேன். உடனே ஒருத்தன், "செங்கோட்டையில ரயிலேறுனா பொழுதடையக் கொல்லம். இதுக்குப் போயா வருசக்கணக்கு?" என்றான். சார் கூட அன்றைக்குச் சிரித்தார்.

இனி எழுதப்போவதை நினைத்தால் எனக்கு இன்னும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதி என்ன பிரயோசனம்.

அறுபதுகளின் தொடக்கம். ஐந்தருவிக்கு வடக்கே மலையடியில் ஒரு குடியிருப்பு. முப்பது வீடு இருந்தால் அதிகம். தாத்தா காலத்தில் காடு வெட்டித் திருத்திய பூமி. தென்னை, கமுகு, ஓடைத் தண்ணீரில் கொஞ்சம் நெல், மேட்டில் மரவள்ளி. பட்டா மட்டும் இல்லை. பக்கத்து எஸ்டேட்காரர்கள் அது எங்கள் எல்லை என்றார்கள். இவர்கள் நகையை விற்றுத் தென்காசி முன்சீப் கோர்ட்டில் வழக்காடினார்கள். தீர்ப்பு இவர்கள் பக்கமே ஆனது. எஸ்டேட் விடவில்லை. திருநெல்வேலியில் அப்பீல் போட்டது. அதோடு நிற்காமல் ஆள் அனுப்பியது. கிழக்கே, கீழப்பாவூருக்கு அப்பால் வானம் பார்த்த பூமியில் வீட்டுக்கு ரெண்டு ஏக்கர் தருகிறோம், எழுத்து மூலம் விட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்றது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் படம் போடப் போனது அந்த வாரம் புதன்கிழமை. போய் இறங்கிய பிறகுதான் இந்த விவகாரமே எங்களுக்குத் தெரியும்.

அந்தக் கிழக்குப் பூமிக்குப் போகக்கூடாது என்று நின்றவள் இசக்கியம்மாள். புருஷன் இல்லாதவள், நாற்பதைத் தாண்டியவள். கோர்ட்டில் சாட்சி சொன்னதும் அவள்தான். ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் எஸ்டேட்டின் பேச்சில் மசிந்திருந்தார்கள். அவளுக்காகத்தான் மீதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்டேட் காரியஸ்தரும் படம் பார்க்க வந்திருந்தார். பஞ்சாயத்துக்காரர்கள் முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றாம் ரீல் ஓடியது. அதில் ஓரிடத்தில், கிழக்கே இருந்த அந்த மண்ணின் ஆட்கள் மேற்கே புதிய நிலம் பெற்றுக் குடிபெயர்ந்தார்கள் என்று ஒரே ஒரு வரி. வரிசையாக ஆட்கள் நடந்து போகிறார்கள், அவ்வளவுதான் படம். நான் மனப்பாடம் பண்ணினதைச் சொன்னேன்.

ரீல் முடிந்து வெளிச்சம் போட்டதும் காரியஸ்தர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியளா? அமெரிக்காவுலயே இப்படித்தான். மாத்து நெலம் குடுத்தான், சந்தோசமா வாங்கிட்டுப் போனான். இங்கன உள்ளவங்களுக்குத்தான் எதச் சொன்னாலும் ஏறமாட்டேங்கு."

பெண்கள் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள். அவள் காரியஸ்தரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் கேட்டாள். "தம்பி, அவுக சந்தோசமாவா போனாக? கோர்ட்டுக்குப் போகலியா?"

திருநெல்வேலிச் சீமையில்தான் இப்படி ஒரு கேள்வி வரும். நிலம் என்றால் நமக்கு அடுத்த வார்த்தை கோர்ட்.

எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சார் வண்டிக்குப் பக்கத்திலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். அத்தனை வருஷத்தில் அவர் மைக் பிடித்தது அன்று ஒரு நாள்தான்.

"போனாங்கம்மா" என்றார். "கோர்ட்டுக்குப் போனாங்க. அந்த நாட்டுலயே பெரிய கோர்ட்டு அது. தீர்ப்பு அவங்க பக்கம்தான் ஆச்சு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இசக்கியம்மாள் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம். "பெறகு?" என்றாள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "பெறகு, அந்தத் தீர்ப்ப ஜனாதிபதி நடத்திவைக்கல. அடுத்து வந்தவரு பட்டாளத்த அனுப்புனாரு. வீட்டுல இருந்தவங்கள இருந்தபடியே புடிச்சுப் பட்டியில அடைச்சு, மாசக்கணக்கா நடக்கவச்சுக் கொண்டுபோனாங்க. குளிர்லயும் சீக்குலயும் வழியிலயே ரொம்பப் பேரு செத்தாங்க. குழந்தைகளும் வயசானவங்களும். சந்தோசமாப் போகல, அம்மா. இது படத்துல இல்ல. நீங்க கேட்டதால சொல்லுதேன்."

காரியஸ்தர் எழுந்து போய்விட்டார். நாலாம் ரீலைப் பாதிப் பேர்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் சார் உற்சாகமாக இருந்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இனி அவங்க அசைய மாட்டாங்க பாருங்க சங்கரன். நம்மளமாதிரி ஒரு கூட்டத்துக்கு அநியாயம் நடந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்லா. தீர்ப்பக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு வீடு தவிர மற்ற அத்தனை வீடும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

ஐந்தருவிப் பக்கம் கடை வைத்திருந்த ஒருவர் தென்காசிச் சந்தைக்கு வந்தபோது எங்களிடம் சொன்னார். விடிய விடியப் பேசினார்களாம். "அம்புட்டுப் பெரிய கோர்ட்டுல ஜெயிச்சவனையே பட்டாளம் வந்து வெரட்டுச்சாம். முன்சீப்புக் காயிதத்த வச்சு நாம என்ன செய்ய? தண்ணி கழுத்துக்கு வரதுக்குள்ள கரையேறிருவோம்" என்று ஆண்பிள்ளைகள் சொன்னார்களாம். இசக்கியம்மாள் அழுதிருக்கிறாள், வைதிருக்கிறாள், என் ஒரு வீடாவது இருக்கும் என்று வீம்பு பிடித்திருக்கிறாள். அடுத்த வாரம் மற்றவர்கள் வண்டி கட்டியபோது அவளும் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். முப்பது வீட்டில் ஒரு வீடாக மலையடியில் யார்தான் இருக்க முடியும்?

இதைக் கேட்டபோது சார் அடுத்த மாதத்துப் பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார். "நான் அப்படி நெனைக்கல, சங்கரன்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

காரியஸ்தர் மேலே எழுதிப் போட்டிருந்தார். நட்பு நாட்டைப் பற்றிப் பொதுமேடையில் அவதூறு என்று. வாய் தவறி வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அதோடு முடிந்துவிடும் என்று மேலதிகாரியே சொல்லிப் பார்த்தார். சார் எழுதவில்லை. "வாய் தவறலையே, கேட்டாங்க, சொன்னேன்" என்றார். ராமநாதபுரத்துப் பக்கம் சாமான் கிட்டங்கிக்கு அவரை மாற்றினார்கள். படமும் இல்லை, ஜனமும் இல்லை, இரும்பு அலமாரிகளை எண்ணுகிற வேலை. சில வருஷத்தில் இதயத்தில் கோளாறு என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. நானும் சுடலைமுத்துவும் பாளையங்கோட்டைக்குப் போய்க் குழியில் மண் தள்ளிவிட்டு வந்தோம். நல்லது செய்யப் போனவருக்கு அதன் பலனும் கிடைக்கவில்லை, நிம்மதியும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சாருக்குப் பின்னால் வந்த அதிகாரி ஒத்திகையும் பார்க்கவில்லை, கேள்வி நேரத்தையும் கண்டுகொள்ளவில்லை. நான்தான் விடாமல் வைத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்கு நமக்கும் ஏதாவது தெரிய வேண்டும் என்று, மதுரைக்கும் சென்னைக்கும் போகும்போதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து அந்த நாட்டைப் பற்றிப் படித்தேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள், சார் சொன்ன கதையின் மிச்சம் கிடைத்தது.

அந்த ஆட்கள் எல்லாரும் போய்விடவில்லை. கொஞ்சம் பேர் பட்டாளத்துக்கு அகப்படாமல் மலைக்குள் பதுங்கிக்கொண்டார்கள். முன்னமே தனி ஒப்பந்தப்படி பிரிந்து வாழ்ந்ததால் பட்டாளம் தொடாத சிலரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வருஷக்கணக்காகப் பயந்து பயந்து கிடந்தார்கள். கடைசியில் அந்த மலையடி நிலமே அவர்கள் கைக்கு வந்தது. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். சாருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அன்றைக்கே மைக்கில் சொல்லியிருப்பார்.

அடுத்த சுற்றில் நானே கேட்டு, மலையடிக்காரர்கள் போய் இறங்கிய அந்தக் கிழக்குப் பொட்டல் குடியிருப்பைப் பயணத்தில் சேர்த்தேன். அமெரிக்கப் படம் நாலு ரீலையும் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் ரீல் முடிந்ததும் கேள்வி நேரத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தோம். செம்மண், உடைமரம், ஓலைக் கூரைகள். திரைக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது இசக்கியம்மாள் வந்தாள். தலை வெளுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"குடை வச்சிருப்பாரே, அந்த சார் வரலியா?"

"அவரு தவறிட்டாரு அக்கா."

"அடப்பாவமே" என்றாள். "எங்களுக்காவப் பேசப்போயி அந்த மனுசன் வேலையும் போச்சாமே."

மனசில் வைத்திருக்க முடியாமல் மலைக்குள் பதுங்கி நின்றவர்களைப் பற்றிப் படித்த எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்து, மேற்கே பார்த்தாள். மலை அங்கிருந்து தெரியும்.

"எம்புட்டுப் பேரு நின்னாக?"

"ஊரு பூராவையும் பாக்கையில கொஞ்சம் பேருதான்."

"நானும் நிக்கத்தானே செஞ்சேன். கூட ஒரு பத்து வீடு நின்னிருந்தா..." முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, இத இங்கன யார்ட்டயும் சொல்லிராதிய" என்றாள்.

"ஏன்க்கா?"

அவள் குடியிருப்பின் நடுவைக் காட்டினாள். மண் மலையாகக் குவிந்து கிடந்தது. கமலைக் கயிறு கட்டியிருந்தார்கள். "ஊர் கூடி வெட்டுதாக. மூணாவது கெணறு இது. ரெண்டுல பாறையாப் போச்சு. இதுல மண்ணு கொஞ்சம் ஈரமா வருது. அங்கனயே இருந்திருக்கலாம்னு இப்பப் போய்ச் சொன்னா, நாளைக்கு ஒருத்தன் கடப்பாரையத் தொடமாட்டான்."

"கேட்டா நான் சொல்லாம இருக்க முடியாது அக்கா. சார் அப்படிப் பழக்கிட்டாரு."

"கேட்டாச் சொல்லுங்க. கேக்காட்ட வாயத் தொறக்காதிய. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சரி என்றேன். இருட்டியதும் படம் ஓடியது. மூன்றாம் ரீலில் அந்த ஆட்கள் வரிசையாக நடந்து போனார்கள். நான் மனப்பாட வரியைச் சொன்னேன். ரீல் முடிந்தது. வெளிச்சம் போட்டான் சுடலைமுத்து. பெண்கள் பக்கம் இசக்கியம்மாள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கில், யாருக்கும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். யாரும் எழவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். அடுத்த ரீல் கோத்தாகிவிட்டது என்று சுடலைமுத்து சைகை காட்டினான். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

நாலாம் ரீலும் ஓடி முடிந்தது. வண்டிக்காரர்கள் பொட்டலில் இறங்கினார்கள், கூடாரம் போட்டார்கள், ஏர் பூட்டினார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்றார். கையிலும் காலிலும் கிணற்று மண் காய்ந்துகிடந்தது.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றார். "அந்த வண்டிக்காரங்க போயி எறங்குன எடத்துல, எத்தனை அடியில தண்ணி கெடச்சுது?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. எவ்வளவோ படித்திருந்தேன், அதை மட்டும் படித்திருக்கவில்லை. தெரியாது என்று சொன்னேன்.